கடலோரக் கடத்தல்: பிடிப்பது ஒரு துறை, வழக்கு இன்னொரு துறை. கைமாற்றத்தை எப்படி எழுதுவது?

பாக்நீர் கேட்டது:

ராமநாதபுரம் போன்ற ஒரு கடலோர மாவட்டத்துக்கு, கடத்தல் தடுப்பில் எல்லாத் துறைக்கும் பொதுவான செயல்முறைக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். நாலைந்து பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் யாரும் படிக்கப்போவதில்லை.

களத்தில் இருப்பவர்களின் பட்டியலைச் சொல்லவே மூச்சு வாங்குகிறது. சுங்கத்துறையின் தடுப்புப் பிரிவு, டிஆர்ஐ (மத்திய வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம்), மண்டபத்தில் இந்தியக் கடலோரக் காவல் படை, உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் (ஊரில் மரைன் போலீஸ்), உள்ளூர் காவல் நிலையம், கியூ பிரிவு (மாநிலக் காவல் துறையின் உளவுப் பிரிவு), மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவைப் பார்க்கும் வனத்துறை, வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவு, என்சிபி (மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு), மீன்வளத்துறை, வருவாய்த்துறை. பொருளும் ஒன்றல்ல. இலங்கைப் பக்கமிருந்து தங்கம் வருகிறது. இங்கிருந்து கடல் அட்டை (கடலடியில் வாழும் உயிரினம்), கஞ்சா, பீடி இலை, சமையல் மஞ்சள் போகிறது.

கூட்டங்கள் நடக்காமல் இல்லை. ஆனாலும் பிடித்த வழக்கு நீதிமன்றத்தில் நிற்காமல் போகிறது, ஒரே படகுக்கு இரண்டு துறை உரிமை கொண்டாடுகிறது. மூன்று விஷயத்தில் தெளிவு வேண்டும். ஒரு துறை பிடித்து இன்னொரு துறை வழக்கு நடத்தும்போது கைமாற்றத்தை எப்படி எழுதுவது? கடலில் துரத்தும்போது யார் பேச்சை யார் கேட்பது? தகவல் பகிர ஒரு வாட்ஸ்அப் குழு போதுமா?

---

மகஜர் எழுதியது:

முதல் வேலையாக, ‘அனைத்துத் துறைகளும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்’ என்ற வாக்கியத்தைக் குறிப்பிலிருந்து அடித்துவிடுங்கள். அதற்கு எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த இடத்தில் பொருள் வாரியாக மூன்று விவரம் எழுதுங்கள்: யார் கைப்பற்றுவது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில், அவர் வரும் வரை மற்றவர்கள் எதையெல்லாம் தொடக்கூடாது. இந்த மூன்றாவதைத்தான் யாரும் எழுதுவதில்லை. வழக்கு கெடுவது பெரும்பாலும் ஆர்வக்கோளாறில்தான்.

தங்கத்தையே எடுத்துக்கொள்வோம். சுங்கச் சட்டம் 1962, பிரிவு 123. கடத்தல் தங்கம் என்று நம்ப நியாயமான காரணம் இருந்து இந்தச் சட்டத்தின் கீழ் கைப்பற்றினால், ‘இது கடத்தி வந்ததல்ல’ என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருந்தவர் தலையில் விழும். தங்க வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. ‘இந்தச் சட்டத்தின் கீழ்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். சோதனைச் சாவடியில் போலீஸ் பிடித்து, தன் அதிகாரத்தில் கைப்பற்றி, நீதிமன்றத்தில் வைத்து, அங்கிருந்து சுங்கத்துறை வாங்கிக்கொண்டால் அந்த அனுகூலம் கிடைக்காது. பழைய கடல் சுங்கச் சட்டத்தின் 178ஏ பிரிவை வைத்து, கியான் சந்த் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் (ஏஐஆர் 1962) உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். 123 அந்தப் பிரிவின் வாரிசு. அறுபது வருடம் தாண்டியும் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

எனவே குறிப்பில் இப்படி வரட்டும்: போலீஸிடமோ மரைன் போலீஸிடமோ தங்கத்தோடு ஆள் சிக்கினால், பொதியைப் பிரிக்காமல், கையில் வாங்காமல், அங்கேயே நிறுத்தி வைத்துச் சுங்கத்துறையின் பணி அதிகாரியை அழைக்க வேண்டும். நிலையப் பொது நாட்குறிப்பில் ‘சுங்கச் சட்டம் பிரிவு 151-ன்படி உதவி’ என்று மணி, நிமிடத்தோடு பதிய வேண்டும். போலீஸும் கடற்படையும் சுங்க அதிகாரிக்கு உதவக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லும் பிரிவு அது. கைப்பற்றுவது சுங்க அதிகாரி, பிரிவு 110-ல், அதே இடத்தில். வரும் அணியில் ஒரு கண்காணிப்பாளர் கட்டாயம் இருக்க வேண்டும். பிரிவு 108-ல் வாக்குமூலம் வாங்கக் கெசட்டட் அதிகாரி தேவை, இன்ஸ்பெக்டரால் முடியாது. இன்ஸ்பெக்டர்கள் மட்டும் இரண்டு ஜீப்பில் வந்து இறங்கிவிட்டு, கண்காணிப்பாளருக்காக விடியும் வரை காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை.

போலீஸ் ஏற்கெனவே கைப்பற்றிவிட்டதா? அதை அப்படியே உண்மையாக எழுதுங்கள். மகஜரை (கைப்பற்றலை அந்த இடத்திலேயே சாட்சிகள் முன் எழுதும் ஆவணத்தை) பின்தேதியிட்டு மாற்றும் யோசனையே வேண்டாம். செல்போன் இருப்பிடப் பதிவு ஒன்று போதும், மொத்த வழக்கும் சரிந்துவிடும். 123 இல்லாமலே வெளிநாட்டு முத்திரை, தூய்மைச் சான்று, படகின் போக்கு, வாக்குமூலம் ஆகியவற்றை வைத்து நிரூபிக்கும் வழியைப் பாருங்கள். கடினம்தான், முடியாததல்ல.

கைப்பற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பிரிவு 124 நோட்டீஸ் (ஏன் பறிமுதல் செய்யக்கூடாது என்று கேட்பது) போக வேண்டும், இல்லையென்றால் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 110(2). ஆணையர் காரணத்தை எழுத்தில் பதிந்து, கெடு முடிவதற்குள் உரியவருக்குத் தெரிவித்தால் இன்னொரு 6 மாதம் வரை நீட்டிக்கலாம். மற்ற துறைகளிடமிருந்து வர வேண்டிய அறிக்கைகளுக்குக் குறிப்பிலேயே நாள் குறியுங்கள். மீன்வளத்துறையின் படகுப் பதிவு விவரமும் மரைன் போலீஸின் ரோந்துப் பதிவேட்டு நகலும் 15 நாளில் வந்துவிட வேண்டும். கேட்டால் தருவார்கள்தான். ஆனால் கடிதம் போய், நினைவூட்டல் போய், நாலு மாதம் ஓடியிருக்கும்.

பீடி இலையும் மஞ்சளும் தனிக் கதை. இரண்டும் இங்கே கடையில் விற்கிற பொருள், ஏற்றுமதிக்கும் தடையில்லை. இலங்கையில் பீடி இலைக்கு வரி அதிகம், மஞ்சள் இறக்குமதிக்கு 2020 முதல் கெடுபிடி. அதனால்தான் கள்ளத்தோணி ஏறுகின்றன. இங்கே குற்றம் என்பது, சுங்கத் துறைமுகம் அல்லாத இடத்திலிருந்து ஏற்றுமதி செய்ய முயன்றது. பிரிவு 113-ன் உட்பிரிவு (சி), அப்படி ஏற்றுமதி செய்வதற்காகக் கடற்கரைக்கு அருகே கொண்டுவந்து வைத்த பொருளையும் பிடிக்க இடம் தருகிறது. ‘செய்வதற்காக’ என்பதை நிரூபிக்கத் தெரிய வேண்டும். கரையிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலையில் ஒரு வேனை மடக்கி, ‘பீடி இலை பறிமுதல்’ என்று பத்திரிகைக்குப் படம் கொடுத்தால் அடுத்த வாரம் பில்லோடு ஒருவர் வந்து நிற்பார். உள்நாட்டுச் சோதனையில் சந்தேகம் வந்தால் இ-வே பில்லை (சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டு) மாநில வணிகவரித் துறையிடம் சரிபார்க்க வேண்டும். போய்ச்சேர வேண்டிய முகவரியில் அப்படி ஒரு கடை இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். மூட்டை தண்ணீர் புகாதபடி இரட்டைப் பாலித்தீன் போட்டுக் கட்டியிருக்கிறதா என்று படம் எடுக்க வேண்டும். பீடிக் கம்பெனிக்குப் போகிற இலையை யாரும் மழைக்கோட்டு போட்டு அனுப்புவதில்லை.

---

சோழகம் எழுதியது:

கடல் பகுதிக்கு வருகிறேன். மாநிலம் முழுவதற்குமான குறிப்புகளில் ‘12 கடல் மைல் வரை மரைன் போலீஸ், அதற்கு அப்பால் கடலோரக் காவல் படை’ என்று ஒரு வரி இருக்கும். அதை வெட்டி இங்கே ஒட்டாதீர்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மொத்தமே சுமார் 30 கிலோமீட்டர், அதாவது 16 கடல் மைல். எல்லைக்கோடு நடுவில் போகிறது. 12 மைல் என்பது அங்கே இலங்கைக் கடலுக்குள்.

இதையே நேரக் கணக்காகப் பாருங்கள். 40 குதிரைத்திறன் வெளிப்பொருத்து எஞ்சின் போட்ட ஃபைபர் படகு சுமை குறைவாக இருந்தால் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகம் சாதாரணம். கரையிலிருந்து எல்லைக்கோட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. தகவல் கிடைத்தவர் தன் மேலதிகாரிக்குச் சொல்லி, அவர் மாவட்டத் தலைமைக்குச் சொல்லி, அங்கிருந்து அடுத்த துறைக்குப் போய், படகு கிளம்ப உத்தரவு வர முக்கால் மணி. அதாவது ஏணிப்படி ஏறி இறங்குகிற முறையில் பிடிக்கவே முடியாது. இரவுப் பணியில் இருப்பவரே அடுத்த துறையின் இரவுப் பணியாளரை நேரடியாக அழைக்கலாம், மேலே பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கொடுத்து வையுங்கள். அழைப்பு எண் பதவிக்கு உரியதாக இருக்கட்டும். ஆளின் சொந்த எண்ணைப் போட்டால் மாறுதலில் போனவர் திருநெல்வேலியில் தூங்கிக்கொண்டிருப்பார்.

துரத்தலில் யார் பேச்சு? இலக்கை யார் கண்ணிலோ ரேடாரிலோ வைத்திருக்கிறாரோ அவர் பேச்சு. மற்ற படகுகள் அவர் சொல்கிற இடத்தில் மறிக்க வேண்டும். கைப்பற்றல், கைது, எந்தச் சட்டம் என்பதெல்லாம் வழக்கு நடத்தப்போகிற துறையின் முடிவு. இரண்டையும் கலக்காதீர்கள். ஆழமும் ஒரு விஷயம். ஆதம் பாலத்து (ராமர் பாலம்) மணல்திட்டுகளுக்கு நடுவே பெரிய ரோந்துக் கப்பல் நுழையாது. மண்டபத்தில் உள்ள கடலோரக் காவல் படையின் ஹோவர்கிராஃப்டுக்கு (காற்று மெத்தையில் ஓடும் ஊர்தி) அந்தச் சிக்கல் இல்லை. யார் எதில் வர வேண்டும் என்பதை ஆழம் பார்த்து வரைபடத்தில் முன்பே குறித்து வையுங்கள். எல்லைக்கோட்டுக்கு அப்பால் போய்விட்டால் இலங்கைக் கடற்படைக்குச் சொல்வது கடலோரக் காவல் படை மூலமாக மட்டும்.

படகுகளின் விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆவது சேனலில் பேசுவதை எல்லாப் படகும் கேட்கும். துரத்தப்படுகிற படகும் கேட்கும். கூப்பிட மட்டும் 16, பேச்சு வேறு சேனலில். இடப்பெயர் சொல்லாமல், முன்பே கட்டம் போட்டு எண் கொடுத்த வரைபடத்தின் கட்ட எண்ணைச் சொல்லுங்கள்.

தங்கம் வரும் படகு நெருக்கடியில் பொதியைக் கடலில் போட்டுவிடும். 2023 மே கடைசியில் தொடங்கி ஜூன் முதல் தேதி வரை நடந்த மன்னார் வளைகுடா நடவடிக்கையில் டிஆர்ஐ, சுங்கத்துறை, கடலோரக் காவல் படை மூன்றும் சேர்ந்து இரண்டு படகுகளிலிருந்து 32.689 கிலோ எடுத்தார்கள். அதில் ஒரு பகுதி முக்குளிப்பவர்கள் கடலடியிலிருந்து மீட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு பொத்தான். பொதி தண்ணீரில் விழுவதைப் பார்த்த நொடியில் ஜிபிஎஸ் கருவியின் எம்ஓபி பொத்தானை, அதாவது ஆள் கடலில் விழுந்தால் அழுத்தும் பொத்தானை, அழுத்த வேண்டும். 20 நாட் என்பது நொடிக்கு 10 மீட்டர். ‘போட்டுட்டான் சார், போட்டுட்டான்’ என்று கத்திவிட்டுப் பத்து நொடி கழித்து அழுத்தினால், முக்குளிப்பவர் 100 மீட்டர் தள்ளி வெறும் மணலைத் துழாவுவார். துரத்துகிற படகு இலக்குக்கு எவ்வளவு பின்னால் இருந்தது, எந்தத் திசைக்கோணத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடனே கயிறு கட்டிய மிதவை ஒன்றும் போடுங்கள். படகில் ஒருவரின் வேலை கேமராவைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டே இருப்பது மட்டும்தான். கடலடியில் கிடைத்த பொதிக்கும் படகில் இருந்த ஆளுக்கும் முடிச்சுப்போட அந்தப் படம்தான் இருக்கும்.

முன்திட்டமிட்ட நடவடிக்கை என்றால் ஒரு சுங்க அதிகாரியை ரோந்துப் படகிலேயே ஏற்றிவிடுங்கள். மேலே மகஜர் என்பவர் சொன்ன கைப்பற்றல் சிக்கல் கடலிலேயே தீர்ந்துவிடும். திடீர்ச் சம்பவத்துக்கு இது சரிவராது. கடலோரக் காவல் படைக்குச் சுங்கச் சட்டத்திலும் போதைப்பொருள் சட்டத்திலும் அறிவிக்கை மூலம் தந்த அதிகாரங்கள் உண்டு. எந்தப் பிரிவு, எந்தப் பதவிநிலைக்கு என்ற அறிவிக்கை நகல் ஒவ்வொரு படகிலும் லேமினேட் செய்து தொங்கட்டும்.

---

முயல்தீவு எழுதியது:

கடல் அட்டை பற்றி. 2001-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அன்று முதல் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். இலங்கையில் உரிமம் இருந்தால் பிடிக்கலாம், வளர்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். அக்கரை போய்ச் சேர்ந்த நிமிடமே நம் அட்டை அங்குள்ள சட்டபூர்வச் சரக்கோடு கலந்துவிடும். பிறகு அதைப் பிரித்து அடையாளம் காட்ட யாராலும் முடியாது. ஆக, பிடிப்பது இக்கரையில்தான்.

கைமாற்றத்தில் அடிக்கடி நடக்கும் தவறு: மரைன் போலீஸ் அட்டையைப் பிடித்து எஃப்ஐஆர் போட்டு, தாங்களே குற்றப்பத்திரிகை வரை கொண்டுபோவது. அந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, யார் புகார் கொடுத்தால் நீதிமன்றம் வழக்கை எடுக்கும் என்று வரையறுக்கிறது. மாநிலத்தில் அது தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அரசு அதிகாரமளித்த அதிகாரி. போலீஸ் குற்றப்பத்திரிகை அந்தப் பட்டியலில் இல்லை. சோதனை போடவும் கைப்பற்றவும் 50-ஆம் பிரிவில் உதவி ஆய்வாளருக்கும் அவருக்கு மேற்பட்ட போலீஸாருக்கும் அதிகாரம் உண்டு. அதோடு நிறுத்தி, ஆளையும் பொருளையும் ஆவணத்தையும் வனச்சரகரிடம் கொடுத்துவிட வேண்டும். வாக்குமூலத்தை உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, அதிகாரம் பெற்ற அதிகாரி பதிந்தால்தான் 50(8)-ன் பலன் (நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படுவது) கிடைக்கும்.

அடுத்தது எடை. ‘300 கிலோ கடல் அட்டை’ என்று மட்டும் எழுதினால் அது பாதி விவரம்தான். பச்சையா, அவித்ததா, உலர்த்தியதா? வெள்ளை அட்டையை அவித்து, மணலில் புதைத்து, மேல்தோலைத் தேய்த்து, மறுபடி அவித்துக் காயவைத்தால் 100 கிலோ பச்சை அட்டை 10 கிலோவுக்கும் கீழே வந்துவிடும். அரை வேக்காட்டில் பிடித்த சரக்கு சாக்கிலேயே நீர் விட்டுக்கொண்டிருக்கும். மாலையில் மரைன் போலீஸ் நிறுத்தது 300, மறுநாள் வனச்சரகத்தில் நிறுத்தால் 240. மீதி 60 கிலோ எங்கே போனது என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது ‘வடிந்துவிட்டது’ என்று கூண்டில் சொல்வது நன்றாக இராது. எனவே கைப்பற்றிய இடத்திலேயே மகஜரில் நிலையை எழுதுங்கள், எடையோடு எண்ணிக்கையையும் எழுதுங்கள். எண்ணிக்கை வடிவதில்லை. சாக்கு வாரியாக எண்ணினால் இரண்டு பேருக்கு ஒரு மணி நேர வேலை.

உயிரோடு இருப்பவை வேறு அவசரம். தண்ணீரை விட்டு எடுத்த அட்டை குடலைக் கக்கிவிட்டு, வெயிலில் சில மணி நேரத்தில் கூழாகிவிடும். கடல்நீர்த் தொட்டியோ பெரிய டிரம்மோ ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். படம், எண்ணிக்கை, இன அடையாளம் முடித்து, நீதித்துறை நடுவரின் உத்தரவோடு அன்றே கடலில் விட வேண்டும். இனம் சொல்ல மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. காய்ந்த சரக்குக்கும் அங்கே சான்று கேட்கலாம்.

குடோனைப் பிடித்தால் அண்டா, விறகு, எடைத்தராசு, கணக்கு நோட்டு எல்லாமே சாட்சி. அட்டையை மட்டும் அள்ளிக்கொண்டு அண்டாவை விட்டுவந்தால் அடுத்த வாரம் அதே அண்டாவில் அடுப்பு எரியும்.

---

பாக்நீர்:

மூவருக்கும் நன்றி. ஒரே படகில் கஞ்சா, மஞ்சள், கடல் அட்டை மூன்றும் இருந்தால்? யாருடைய மகஜர்? வாட்ஸ்அப் கேள்வியும் பாக்கி நிற்கிறது.

---

வாய்தா எழுதியது:

மூன்றும் இருந்தால் போதைப்பொருள் சட்டத்தின் நடைமுறைதான் முன்னால் போக வேண்டும். நடைமுறைப் பிழைக்கு அதிகம் விலை கொடுப்பது அந்தச் சட்டத்தில்தான். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, ஜாமீனுக்கு 37-ஆம் பிரிவின் தடை வரும். என்டிபிஎஸ் (போதைப்பொருள் சட்டம்) அதிகாரம் உள்ள ஒருவர் ஒரே மகஜர் எழுத வேண்டும். அதில் மூன்று பொருளுக்கும் தனித்தனி இணைப்பு. மஞ்சளும் அட்டையும் அந்த இணைப்பை வைத்து ஒப்படைப்புச் சான்றோடு சுங்கத்துறைக்கும் வனத்துறைக்கும் போகும். ஆளுக்கொரு மகஜர் எழுதினால் ஒன்றில் இரவு 1.10, இன்னொன்றில் 2.40, ஒன்றில் படகில் நாலு பேர், மற்றதில் மூன்று பேர் என்று வரும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல்களான எங்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

என்டிபிஎஸ்ஸில் மறக்கக்கூடாதவை: ஆளின் உடலைச் சோதிப்பதாக இருந்தால் மட்டும் 50-ஆம் பிரிவு (கெசட்டட் அதிகாரி அல்லது நடுவர் முன் சோதிக்கச் சொல்லும் உரிமை), படகுக்கும் சாக்குக்கும் அது தேவையில்லை. 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு 57-ஆம் பிரிவு அறிக்கை. மாதிரி எடுப்பது கரையில் அல்ல, 52ஏ-யின்படி நடுவர் முன்னிலையில். 2022 விதிகளின்படி கஞ்சா என்றால் 24 கிராம், இரண்டு மாதிரி. 2020-ல் தூஃபான் சிங் தீர்ப்புக்குப் பிறகு 67-ஆம் பிரிவு வாக்குமூலம் ஒப்புதல் வாக்குமூலமாகச் செல்லாது. சுங்கச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு நிலைமை வேறு. கஞ்சா வழக்கின் ஓட்டையை 108 வாக்குமூலத்தால் அடைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

24 மணி நேரக் கெடு. கடலில் மடக்கியது இரவு 1 மணி, கரை சேர்ந்தது 4, சுங்கத்துறையிடம் ஒப்படைத்தது காலை 9, கைதுக் குறிப்பில் நேரம் மாலை 6. நீதிமன்றம் எந்த நேரத்திலிருந்து எண்ணும்? ஆளுக்கு நகரும் சுதந்திரம் போன நேரத்திலிருந்து என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதே பாதுகாப்பு. பயண நேரத்தைக் கழிக்கலாம், ஆனால் அதைக் காட்டப் பதிவு வேண்டும். எனவே ஒப்படைப்புச் சான்றில் மடக்கிய நேரம், கரை சேர்ந்த நேரம், ஒப்படைத்த நேரம் மூன்றுக்கும் கட்டம் இருக்கட்டும். சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல என்றாலும் கைதுப் பாதுகாப்புகள் அங்கும் பொருந்தும் என்று 2025-ல் ராதிகா அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைதுக்கான காரணம் எழுத்தில், உறவினருக்குத் தகவல், இரண்டும் கோப்பில் இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழு வேண்டாம். பன்னிரண்டு துறை, துறைக்கு நாலு பேர் என்றாலே 48 செல்போன். தகவல் கசிந்தால் யாரிடமிருந்து என்று ஒருநாளும் தெரியாது. பிடிபட்டவரின் படம் அடையாள அணிவகுப்புக்கு முன்பே ஊரெல்லாம் சுற்றும். தவிர, அங்கே பகிரும் வீடியோ சுருங்கிப்போகும், மூலக்கோப்பின் ஹாஷ் மதிப்போடு (கோப்பின் விரல்ரேகை போன்ற எண்) ஒத்துப்போகாது. படம் எடுத்த கருவியிலிருந்து நேராக மெமரி கார்டில் எடுத்து, ஹாஷ் பதிந்து, சாட்சியச் சட்டம் 2023-ன் 63-ஆம் பிரிவுச் சான்றிதழை (மின்னணுச் சாட்சியத்துக்கானது) பகுதி ஏ, பகுதி பி இரண்டோடும் இணையுங்கள். குழு கட்டாயம் வேண்டுமென்றால் ‘கூட்டம் நாளை 11 மணி’ என்பதற்கு மட்டும்.

காஃபிபோசா (கடத்தல்காரரை விசாரணையின்றி முன்கூட்டியே அடைக்கும் சட்டம்) தடுப்புக் காவல் முன்மொழிவு போகும் வழக்குகளில் இன்னொன்று. ஆவணங்கள் ஆளுக்குத் தெரிந்த மொழியில், படிக்கக்கூடிய நகலாக இருக்க வேண்டும். மூன்று துறைகளின் கையெழுத்து மகஜரை நகலுக்கு நகல் எடுத்து, கடைசிப் பக்கம் கறுப்பாக வந்தால் அதற்காகவே உத்தரவு ரத்தாகும். ஒவ்வொரு துறையும் முதல் நாளே தெளிவான ஸ்கேன் கொடுத்துவிட வேண்டும்.

---

குந்துகால் எழுதியது:

எல்லாத் துறையும் வந்துவிட்டது, மீனவன் வரவில்லை. ஒரே ராத்திரியில் ஒரு நாட்டுப்படகை கடலோரக் காவல் படை ஒரு தடவை, மரைன் போலீஸ் ஒரு தடவை, கரையில் வனத்துறை ஒரு தடவை, சாலையில் சுங்கத்துறை ஒரு தடவை நிறுத்தினால் ஐஸ் கரைந்து மீன் போச்சு. அடுத்த முறை சந்தேகப் படகைப் பார்த்தாலும் அந்த ஆள் வாய் திறக்க மாட்டார். முதலில் சோதித்தவர் நேரம், இடம், கையெழுத்து போட்டு ஒரு சீட்டு கொடுக்கட்டும். அன்றைக்கு அடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு அனுப்பட்டும். புதுத் துப்பு கிடைத்தால் மட்டும் மறுசோதனை.

உங்களிடம் சும்மா கிடக்கிற தகவல் ஒன்று: பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்ற முறை இருக்கிறது. விசைப்படகு கிளம்ப மீன்வளத்துறை டோக்கன் கொடுக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அன்றன்றைய டோக்கன் பட்டியலை மாலையிலேயே மரைன் போலீஸுக்கும் கடலோரக் காவல் படைக்கும் அனுப்பினால், கடலில் இருக்கக்கூடாத படகு எது என்பது தானாகத் தெரியும். டோக்கன் இல்லாத ஃபைபர் படகுகளுக்கு டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் வாங்கும் அளவைப் பாருங்கள். நண்டு வலைக்குப் போகிறவருக்கு இரண்டு எஞ்சினும் அத்தனை கேன் பெட்ரோலும் எதற்கு?

1093-க்கோ (மரைன் போலீஸ்) 1554-க்கோ (கடலோரக் காவல் படை) அழைப்பவரின் பெயரும் எண்ணும் கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டில் மட்டும் இருக்க வேண்டும். களத்துக்குப் போகிற செய்தியில் வரவே கூடாது. இதைக் குறிப்பில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

---

மகஜர் எழுதியது:

குந்துகால் சொன்ன சீட்டு நல்ல யோசனை. கார்பன் வைத்த சின்னப் புத்தகம் போதும். படகின் பதிவு எண்ணை முழுதாக எழுத வேண்டும், கடைசி மூன்று இலக்கம் மட்டும் எழுதினால் பத்துப் படகுக்குப் பொருந்தும்.

படகுச் சண்டைக்கு: கடல் அட்டை வழக்கு என்றால் படகைத் தங்களுக்கு உரியதாக்க வனத்துறை 39(1)(டி) என்பார்கள், சுங்கத்துறை பிரிவு 115 என்பார்கள். முதன்மை வழக்கு யாருடையதோ படகும் அவருடையது என்று குறிப்பிலேயே முடித்துவிடுங்கள். அதைவிட முக்கியம், படகை எங்கே வைப்பது. வெறும் மணலில் வெயிலில் இழுத்துப் போட்டால் ஆறு மாதத்தில் ஃபைபர் வெடிக்கும், எஞ்சின் கழன்று போகும். பிறகு படகு விடுவிப்பு உத்தரவு வந்தால் நஷ்டஈடு கேட்டு மனு வரும். எஞ்சினைக் கழற்றி, அதன் தொடர் எண்ணைத் தனியாக மகஜரில் எழுதி, உள்ளே பூட்டி வையுங்கள். ஜிபிஎஸ் கருவியைப் படகோடு விட்டுவிடாதீர்கள். பழைய தடங்கள் அதில்தான் இருக்கும். பேட்டரி இறங்குவதற்குள், வேறு எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், திரையைப் படம் எடுத்து, அணைத்து, சீல் வைத்துத் தடயவியலுக்கு அனுப்ப வேண்டும். சீல் அரக்கில் யாருடைய முத்திரை பதிந்தது என்ற மாதிரி முத்திரைத் தாளையும் கூடவே அனுப்புங்கள். அது இல்லையென்று ஆய்வகத்திலிருந்து பொதி திரும்பி வந்தால் ஒரு மாதம் போய்விடும்.